மகனுக்கு 21 ஆகப் போகிறது, ஹோட்டா கடிதம் வந்திருக்கிறது. மாமியார் மறுத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்

யீஷூன்_மல்லிகை | திங்கள், இரவு 10.40

வணக்கம். இங்கே நான் வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

என் மகனுக்கு அடுத்த மாதம் 21 வயது. தேசிய சேவையில் இருக்கிறான், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். அவன் பெயருக்குச் சுகாதார அமைச்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "பிரிச்சுப் பாருங்கம்மா" என்று போனில் சொன்னான், பிரித்தேன். 21 வயதானதும் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்துக்குள், ஹோட்டா என்கிறோமே அதற்குள், தானாகவே வந்துவிடுவான். வேண்டாம் என்றால் படிவம் நிரப்பி அனுப்பலாம். இதுதான் விவரம். சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மாமியார் என் மகளை உட்காரவைத்து அதை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாமியாருக்கு 79 வயது. மாமா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்தில் கல்யாணமாகி இங்கே வந்தவர். என் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்தவரே அவர்தான், நான் வேலைக்குப் போய்விடுவேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அன்று அவர் சொன்னது: "எம் பேரனுக்குப் பொறந்த நாளு வருது, இவனுங்க சாவப் பத்திக் கடுதாசி போடுறானுங்க. அறுத்துக் கூறு போட்ட உடம்பாவா அவன் போகணும்? முழு உடம்பாப் போனாத்தான் அடுத்த பிறவியில முழுசாப் பொறப்பான்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கையெழுத்து இல்லன்னா டாக்டருங்க சீக்கிரமே கைவிட்டுருவாங்க, உறுப்புக்காக" என்றார். பக்கத்து வீட்டு அம்மா யாரோ சொன்னாராம்.

என் கணவர் படிவத்தை அச்செடுத்தே கொண்டுவந்துவிட்டார், தனக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. "அம்மா மனசு நோகாம இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரு மறுத்தா யாருக்கு நஷ்டம்?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னைத் தைத்தது. என் சொந்த அண்ணன் ஆறு வருஷமாகச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறார். செவ்வாய், வியாழன், சனி, ரத்தச் சுத்திகரிப்பு. நான் கொடுக்கிறேன் என்று போனேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணி கொடுக்க வந்தார், ரத்தப் பிரிவு சேரவில்லை. இதெல்லாம் என் கணவருக்குத் தெரியாததில்லை. அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் யோசிக்காமல் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு அவரிடம் சரியாகப் பேச வரவில்லை.

சனிக்கிழமை மகன் வருவதற்குள் மாமியாருக்கு ஒரு நேர்மையான பதில் வேண்டும். அவரை வாயடைக்கச் செய்ய இல்லை. டாக்டர்கள் உண்மையிலேயே கைவிடுவார்களா? உடம்பு எந்த நிலையில் திரும்பி வரும், நம் சடங்கெல்லாம் செய்ய முடியுமா? மறுத்துவிட்டால் பின்னால் என்ன ஆகும்? தெரிந்தவர்கள், அதிலும் நேரில் பார்த்தவர்கள், சொல்லுங்கள்.

---

பிடோக்_முன்னாள்_ஓட்டுநர் | திங்கள், இரவு 11.25

தங்கச்சி, உங்கள் அண்ணன் வரிசையில் நானும் நிற்கிறேன். எனக்கு எட்டாவது வருஷம். 22 வருஷம் பேருந்து ஓட்டினேன், இப்போது முடியவில்லை. சிங்கப்பூரில் இறந்தவரிடமிருந்து சிறுநீரகம் கிடைக்கச் சராசரியாக 9 வருஷம் ஆகும் என்கிறார்கள். ஆகவே நான் இன்னும் அவசரப்படவில்லை.

யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு ராத்திரியை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, விடிகாலை 1.50க்கு போன். எட்டு வருஷமாக அந்த போன் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. மலாக்காவில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக்கூட ராத்தங்கவில்லை, இந்த போனுக்காகத்தான். "ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள், ஒரு சிறுநீரகம் இருக்கிறது, உங்களுக்குத்தான் என்று இன்னும் முடிவாகவில்லை" என்றார்கள். என் மனைவி அவசரத்தில் ஒரு காலில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு டாக்சியில் ஏறிவிட்டாள்.

அங்கே என்னைப் போல இன்னும் இரண்டு பேர். அதில் ஒரு பெண்ணுக்கு 25 வயதுகூட இருக்காது, அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ரத்தத்தில் இருக்கும் நீரை, இறந்தவருடைய அணுக்களோடு கலந்து பார்ப்பார்கள். நம் ரத்தம் அதை எதிரியாக நினைத்துத் தாக்கினால், வைத்த உறுப்பு நிற்காது. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் இந்த எதிர்ப்பு அதிகமாக இருக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு ஒரு பழைய அறுவை சிகிச்சையில் ரத்தம் ஏற்றியிருந்தார்கள்.

காலை 6 மணிக்கு ஒருங்கிணைப்பாளர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நின்றபடி சொல்லாமல் உட்கார்ந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. சற்று நேரத்தில் அந்தப் பெண்ணை உள்ளே அழைத்துப்போனார்கள். அவளுடைய அம்மா போகிற வழியில் என் கையைப் பிடித்தார், ஒன்றும் பேசவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. நான் வீட்டுக்குப் போகாமல் நேரே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் என் நாற்காலியில் படுத்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததில் வந்த சந்தோஷமும் நிஜம்.

உங்கள் மாமியாரிடம் நான் சொன்னேன் என்று எதையும் சொல்ல வேண்டாம். உங்கள் அண்ணன் கையை ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா போட்ட இடத்தில், அதாவது ஊசி குத்த வசதியாக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடத்தில், விரல் வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி அதிரும். அதைத் தொட்ட பிறகு பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. அண்ணிக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை என்றீர்களே, அதோடு விட்டுவிட்டீர்களா? 2009இல் சட்டத்தைத் திருத்தி, ஜோடி மாற்றி தானம் செய்ய வழிவிட்டார்கள். உங்கள் அண்ணி இன்னொரு குடும்பத்து நோயாளிக்குக் கொடுக்க, அந்தக் குடும்பத்தில் ஒருவர் உங்கள் அண்ணனுக்குக் கொடுப்பது. ரத்தப் பிரிவு சேராமலேயே, மருந்து கொடுத்து எதிர்ப்பைக் குறைத்துவிட்டுச் செய்கிற அறுவை சிகிச்சையும் இங்கே நடக்கிறது. எல்லாருக்கும் ஒத்துவராது, ஆனால் கேட்டால்தானே தெரியும். டாக்டரிடம் மறுபடி கேளுங்கள்.

---

ஓய்வுபெற்ற_தாதி | செவ்வாய், காலை 7.10

மல்லிகை, உங்கள் மாமியாரின் இரண்டாவது பயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். 31 ஆண்டுகள் தாதியாக இருந்தேன், அதில் பாதிக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில். இந்தப் பயத்தை என்னிடம் சீனரும் கேட்டிருக்கிறார்கள், மலாய்க்காரரும் கேட்டிருக்கிறார்கள், ஒரு டாக்டரின் அப்பாவே கேட்டிருக்கிறார். அது அறியாமையில் வருவதில்லை, பாசத்தில் வருவது. அவரைத் திருத்தப் போகிற தொனியில் பேசாதீர்கள்.

மூளைச் சாவு என்று ஒருவர் சொல்லிவிட முடியாது. இரண்டு டாக்டர்கள் உறுதி செய்ய வேண்டும். அந்த இருவரும் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தவர்களாக இருக்கக் கூடாது, உறுப்பு மாற்றுக் குழுவிலும் இருக்கக் கூடாது. காப்பாற்றப் போராடுகிற குழு வேறு, உறுப்புக்காகக் காத்திருக்கிற குழு வேறு. எங்கள் பிரிவில் யாரும் நோயாளி ஹோட்டாவில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மருந்து ஏற்றியதில்லை. என் 31 வருஷத்தின்மேல் ஆணையாக இதைச் சொல்கிறேன்.

பரிசோதனையையும் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாததுதான் பயமுறுத்தும். கண்மணியில் வெளிச்சம் அடிப்பார்கள், சுருங்குகிறதா என்று. கருவிழியைப் பஞ்சால் தொடுவார்கள், இமை அசைகிறதா என்று. காதுக்குள் பனிக்கட்டித் தண்ணீர் விடுவார்கள். மூளைத் தண்டு உயிரோடு இருந்தால் கண் அசையும். தொண்டையில் குழாயை அசைத்து இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் மூச்சு. சுவாசக் கருவியைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் விட்டுவிட்டு, போர்வையை இடுப்புவரை இறக்கிவிட்டு, எல்லாரும் அந்த மார்பையே பார்த்துக்கொண்டு நிற்போம். ரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு ஏற ஏற, மூளை கொஞ்சமாவது இருந்தால் மூச்சு இழுத்தே தீரும். நான் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் "இழு, இழு" என்று வேண்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். அந்த அறையில் யாரும் அவர் சாக வேண்டும் என்று நிற்பதில்லை.

குடும்பத்துக்குக் கஷ்டம் எங்கே என்றால், கருவி ஓடும்வரை உடம்பு சூடாக இருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், இதயம் துடிக்கும். பார்க்கிறவர்களுக்குத் தூங்குவது மாதிரிதான் இருக்கும். ஆனால் கோமா வேறு, இது வேறு. கோமாவிலிருந்து திரும்பியவர்கள் உண்டு. இதிலிருந்து திரும்பியவர் கிடையாது.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. எல்லாரும்தான் சட்டத்துக்குள் இருக்கிறோமே, பிறகு ஏன் 9 வருஷம் காத்திருக்க வேண்டும்? சிங்கப்பூரில் ஒரு வருஷத்தில் 20,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். ஆனால் சிறுநீரகம், கல்லீரல், இதயம் கொடுக்க வேண்டுமானால், தீவிர சிகிச்சைப் பிரிவில், சுவாசக் கருவியில் இருக்கும்போதே மூளை இறந்திருக்க வேண்டும். வீட்டிலோ வார்டிலோ இதயம் நின்று போகிறவர்களிடம் கருவிழியை எடுக்கலாம், மற்றவை பெரும்பாலும் முடியாது. மிச்சமிருப்பவர்களிலும் புற்றுநோய், தொற்று என்று கழிந்துவிடும். வருஷத்துக்குச் சில பத்துப் பேர்தான் தேறுவார்கள். அதனால் உங்கள் மகன் உள்ளே இருந்தாலும் அவன் உறுப்பை ஒருநாள் யாராவது எடுப்பார்கள் என்பது மிக மிக அரிது. அவன் நூறு வயது வாழட்டும். பாட்டியிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

---

தஞ்சோங்_பகார்_பேரன் | செவ்வாய், மதியம் 1.05

நான் தமிழ் முஸ்லிம். தாத்தா கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகாரில் இருந்தவர். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது, ஆனால் கதவு வேறு பக்கம் திறந்தது.

1987இல் சட்டம் வந்தபோது அதில் சிறுநீரகம் மட்டும்தான், அதுவும் விபத்தில் இறந்தவர்களிடம். முஸ்லிம்களை அப்போது சேர்க்கவில்லை. நாங்களாக முன்வந்து எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. எழுதிக் கொடுக்காதவர்களுக்கு வரிசையிலும் முன்னுரிமை இல்லை. என் அத்தா 90களில் சுத்திகரிப்பில் இருந்தார். அப்புறம் 2004இல் கல்லீரல், இதயம், கருவிழி எல்லாம் சேர்ந்தன, எந்தக் காரணத்தால் இறந்தாலும் சரி என்று ஆனது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குழு 2007இல் ஆராய்ந்து, மார்க்கத்தில் இது கூடும் என்று சொன்ன பிறகு, 2008 ஆகஸ்டிலிருந்து முஸ்லிம்களும் மற்றவர்களைப் போலவே உள்ளே வந்தோம்.

அத்தா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். என் உம்மா அந்தச் செய்தியை வானொலியில் கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. "உங்க அத்தா இருந்திருந்தா" என்று தொடங்கினார், முடிக்கவில்லை.

உள்ளே வர எங்களுக்கு 21 வருஷம் ஆனது, சகோதரி. வெளியே போக உங்கள் வீட்டில் ஒரு படிவம் கிடக்கிறது. மார்க்கத்தைக் காரணமாகச் சொல்வோரை நான் மதிக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடுமுன் உங்கள் கோயில் குருக்களிடமாவது ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

---

அங்மோகியோ_குமரன் | செவ்வாய், இரவு 9.30

மறுத்துக் கையெழுத்துப் போட்ட ஆள் நான். 24 வயதில், அப்பா சொன்னார் என்று. மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள் அல்லவா, அதைச் சொல்கிறேன்.

எந்த உறுப்புக்கு மறுக்கிறோமோ, அந்த உறுப்பு நாளைக்கு நமக்கே தேவைப்பட்டால், மறுக்காதவர்களுக்குப் பின்னால்தான் நாம். சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. தண்டனை என்று நினைக்க வேண்டாம், கொடுக்க மனமில்லாதவன் வாங்க முதலில் நிற்க முடியாது என்ற கணக்கு. மனம் மாறி மறுப்பைத் திரும்பப் பெறலாம். ஆனால் திரும்பப் பெற்ற தேதியிலிருந்து 2 வருஷம் முழுதாக ஓடினால்தான் மற்றவர்களோடு சமமாக நிற்கலாம். எனக்குக் குழந்தை பிறந்த பிறகு நான் திரும்பப் பெற்றேன். அந்த 2 வருஷமும் சின்னக் காய்ச்சல் வந்தாலும் உள்ளே ஒரு பயம் ஓடும்.

அப்புறம், உங்கள் கணவர் மகனுக்கும் சேர்த்து அச்செடுத்தார் என்றீர்கள். அது மகனுடைய கையெழுத்து. அப்பாவோ பாட்டியோ போட முடியாது. என் அப்பா எனக்காக முடிவு செய்தார், நான் பேனாவை மட்டும் பிடித்தேன். உங்கள் மகனுக்கு அப்படி நடக்க வேண்டாம்.

---

துவாஸ்_செல்வம் | செவ்வாய், இரவு 10.15

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன், ஊர் பட்டுக்கோட்டை. எங்களுக்கு இந்தச் சட்டம் உண்டா? எனக்குக் கொடுக்க விருப்பம்தான்.

ஓய்வுபெற்ற_தாதி | செவ்வாய், இரவு 10.40

தம்பி, ஹோட்டா குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். ஆனால் 1972இலிருந்து இன்னொரு சட்டம் இருக்கிறது, மருத்துவச் சிகிச்சைக்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் தானாக முன்வந்து எழுதிக் கொடுப்பது. 18 வயது ஆனால் போதும், எந்த நாட்டவரும் எழுதலாம். ஹோட்டாவில் இல்லாத நுரையீரல், தோல், எலும்பு போன்றவையும் அதில் அடங்கும். தீக்காயப் பிள்ளைகளுக்குத் தோல் எவ்வளவு பெரிய உதவி என்று நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எழுதுவதற்கு முன் ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஏதாவது நடந்து, இந்த விஷயத்தை அவர் முதன்முதலாக வேற்று மனிதர் வாயால் கேட்கக் கூடாது.

---

செங்காங்_தேவி | புதன், இரவு 11.50

மூன்று நாளாக இந்தத் திரியை வாசிக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். உடம்பு எந்த நிலையில் வரும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு இங்கே பதில் சொல்லத் தெரிந்தவள் நான்தான் போலிருக்கிறது.

என் கணவருக்கு 52 வயது. வேலையிடத்தில் தலைவலி என்று உட்கார்ந்தவர் சரிந்துவிட்டார். மூளைக்குள் ரத்தக் கசிவு. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மூன்றாம் நாள் வரை நம்பிக்கையோடுதான் இருந்தோம், ஏனென்றால் தாதி சொன்ன மாதிரி, கையைத் தொட்டால் சூடாக இருந்தது. நான்காம் நாள் காலை ஓர் இளம் டாக்டர், நடைபாதையில், என் மச்சினர் காதில் விழும்படி, "மூளை இறந்துவிட்டது, ஹோட்டாவுக்குத் தகவல் போகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அப்போது கழிவறையில் இருந்தேன். திரும்பி வந்தால் என் மாமியார் தரையில் உட்கார்ந்து அலறுகிறார், மச்சினர் சண்டைக்கு நிற்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். இன்றுவரை அதற்காக நான் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருங்கிணைப்பாளர் வந்தார். சீனப் பெண், 40 வயது இருக்கும். எங்களை ஒரு அறைக்குக் கூட்டிப்போய் முதலில் தண்ணீர் கொடுத்தார். சட்டப்படி எங்களைக் கேட்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் அவர் கேட்டது, "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றுதான். நான் சொன்னேன். பிறந்த நாளுக்கு யாருக்கும் பரிசு வாங்கத் தெரியாது, பணமாகக் கொடுத்துவிடுவார், ஆனால் யார் வீட்டில் குழாய் கசிந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று. சொல்லும்போதே எனக்குத் தோன்றியது, கேட்டிருந்தால் அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் நாங்கள் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. 26 வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் பேசவில்லை.

மறுநாள் பிற்பகல் உடம்பைக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாள் தாமதம் எங்களுக்குப் பெரிய வேதனை, அதையும் மறைக்க மாட்டேன். வந்திருந்த சொந்தங்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள்.

இப்போது நீங்கள் கேட்டது. எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்தில்தான் வைத்திருந்தோம். குளிப்பாட்டும்போது மச்சினரும் என் தம்பியும் கூட இருந்தார்கள். கழுத்துக்குக் கீழே தொடங்கி வயிறுவரை ஒரே நேர்த்தையல். நெருக்கமாக, ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் நெஞ்சைப் பார்த்திருக்கிறீர்களா, அது மாதிரி, அதைவிட நீளம். சட்டை போட்டதும் ஒன்றும் தெரியவில்லை. கண் மூடியே இருந்தது. குழி விழும் என்று மாமியார் பயந்தார், அப்படி இல்லை. பட்டுவேட்டி கட்டி, திருநீறு பூசி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு வைத்தோம். என் மகன் சடங்குகளைச் செய்தான், பேரன் முறைப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள், நாங்கள் எல்லாரும் வாய்க்கரிசி போட்டோம். மண்டாயில் தகனம். ஒரு சடங்கும் விட்டுப்போகவில்லை.

யாருக்குப் போனது என்று சொல்ல மாட்டார்கள், அது சட்டம். நானும் கேட்கவில்லை. ஆனால் எம்ஆர்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது, இவராக இருக்குமோ என்று சில நாள் தோன்றும்.

உங்கள் மாமியாரிடம் அடுத்த பிறவியைப் பற்றி வாதாடாதீர்கள். என் மாமியார் இப்போதும் மகன் முழுசாகப் போகவில்லை என்றுதான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அழுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவர் துக்கம் அது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சனிக்கிழமை, எல்லாரும் நல்லபடியாக இருக்கும்போதே, மேசையில் சோற்றைப் போட்டுக்கொண்டு பேசிவிடுங்கள். எங்களுக்கு அது கழிவறை வாசலில் நடந்தது.

---

யீஷூன்_மல்லிகை | ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. தேவி அக்கா, நீங்கள் எழுதியதை என் கணவருக்குப் போனில் காட்டவில்லை, நானே உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். கழிவறை என்ற இடம் வந்தபோது என்னால் வாசிக்க முடியவில்லை, அவர் வாங்கி மீதியை வாசித்தார். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "நஷ்டம்னு சொன்னது தப்பு" என்று மட்டும் சொன்னார்.

நேற்று அண்ணனையும் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னேன். காலையில் சுத்திகரிப்பு முடித்துவிட்டு நேரே வந்தார், களைப்பு முகத்தில் தெரிந்தது. அவருக்கென்று காயை நறுக்கி வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொரியல் செய்திருந்தேன். ரசம் ஊற்றப் போன மாமியாரிடம், "இல்ல அத்தை, இன்னைக்குத் தண்ணி அளவு இவ்வளவுதான்" என்று தன் சின்ன போத்தலைத் தூக்கிக் காட்டினார். அதில் பாதிகூட இல்லை. மாமியார் கரண்டியோடு நின்றுவிட்டார். ஆறு வருஷமாக அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று மாமியாருக்குத் தெரியும். ஒரு நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்பது தெரியாது. எங்களில் யாரும் சொன்னதில்லை.

பிடோக் அண்ணன் சொன்ன மாதிரி நான் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை. மாமியாராகவேதான் என் அண்ணனின் கட்டுப் போட்டிருந்த கையைப் பிடித்தார். பிடித்தவர் சட்டென்று கையை எடுத்துவிட்டு, மறுபடி மெல்ல வைத்தார். "என்னடா தம்பி, உள்ள ஏதோ ஓடுது?" "ரத்தம்தான் அத்தை. நரம்ப ஒண்ணாச் சேத்துத் தச்சிருக்காங்க, ஊசி போட வசதியா." சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தக் கையை விடவில்லை. மாமியார் சாப்பிடவே இல்லை.

என் மகன் தாதி அம்மா எழுதியதை முன்பே வாசித்திருந்தான், நான்தான் அனுப்பினேன். பாட்டியிடம் அவனே பேசினான். இரண்டு டாக்டர், வேறு குழு, எல்லாம் சொன்னான். "நான் கையெழுத்துப் போடல பாட்டி, அப்படியே விட்டுடறேன். உங்களுக்குக் கோபமா?" என்று கேட்டான். மாமியார் அவன் தலையைத் தடவி, "உனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு நெய்ப்பந்தம் புடிக்க நீ வரணும், அது போதும்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ராத்திரி பூஜை அறையில் வழக்கத்தைவிட நேரம் இருந்தார். நான் உள்ளே போகவில்லை.

கணவரின் படிவம் இன்னும் அலமாரி இழுப்பறையில் இருக்கிறது. அவர் அம்மாவோடு பேச வேண்டியதை அவர்தான் பேச வேண்டும். நான் அவசரப்படுத்தப் போவதில்லை.

பிடோக் அண்ணே, ஜோடி மாற்றுவது பற்றி அண்ணிக்குத் தெரியவே தெரியாது. ரத்தப் பிரிவு சேரவில்லை என்றதும் இருவரும் அழுதுவிட்டு வந்துவிட்டார்களாம், அதற்குப் பிறகு கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமை அண்ணனுக்கு டாக்டரைப் பார்க்கிற நாள். நானும் அண்ணியும் கூடப் போகிறோம். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

---

பிடோக்_முன்னாள்_ஓட்டுநர் | ஞாயிறு, இரவு 9.55

நல்லது தங்கச்சி. அந்தத் தாளில் இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர் கொடுக்கும்போது மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். அதில் வெளி டாக்டர் ஒருவரும் மருத்துவத்துறை சாராத ஒருவரும் இருப்பார்கள். அண்ணியைத் தனியாக உட்காரவைத்து, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்பார்கள், பயப்பட வேண்டாம். கொடுத்த பிறகு அண்ணிக்கு வரும் செலவு கவலையாக இருந்தால், தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தில் தானம் செய்தவர்களுக்கான உதவி உண்டு, அதையும் கேளுங்கள்.

புதன்கிழமை என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள். எவ்வளவு நேரமானாலும் பார்ப்பேன், போன் பக்கத்தில்தான் இருக்கும்.